பேரலில் வைத்த டீசலில் தண்ணீர்: பங்க்கில் வந்ததா, கொல்லையில் வந்ததா?

முள்ளியாற்றுக்கரை | அக்டோபர் 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. சொந்தம் ஆறு ஏக்கர், குத்தகை பத்து. போன வருடம் 55 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று எடுத்தேன். வாய்க்காலிலிருந்து இறைக்கப் பழைய ஆயில் இன்ஜின் ஒன்றும் இருக்கிறது. பங்க் எங்களுக்கு எட்டு கிலோமீட்டர். உழவு நேரத்தில் தினமும் கேன் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று 200 லிட்டர் பேரலில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவேன்.

திங்கட்கிழமை நடவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டவேட்டரைப் போட்டதும் வண்டி இழுக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் லைட். இரண்டு சால் ஓடி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பில்டருக்குக் கீழே இருக்கும் திருகைத் திறந்து டீ கிளாஸில் பிடித்தார். முதல் அரை கிளாஸ் பச்சைத் தண்ணீர்! அதற்கு அப்புறம்தான் டீசல் வாசனையே வந்தது. "இந்தத் தடவை தப்பித்தீர்கள், தண்ணீர் உள்ளே போயிருந்தால் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன விலையைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

பங்க்கில்தான் தண்ணீர் கலக்கிறார்கள் என்று நினைக்கிறேன். யாரிடம் புகார் கொடுப்பது?

பங்க் கணக்குப்பிள்ளை | அக்டோபர் 19, இரவு 10.25

பங்க்கில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், உங்கள் ஊர்ப் பங்க் இல்லை. எல்லாப் பங்க்கும் யோக்கியம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் புகாருக்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, நிலத்தடித் தொட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது நடக்காத காரியம் இல்லை. அப்படி இறங்கினால் அன்று டீசல் போட்ட லாரி, பஸ், கார் எல்லாம் பத்துக் கிலோமீட்டருக்குள் வரிசையாக நிற்கும். ஊரே பங்க் வாசலில் கூடிவிடும். உங்கள் வண்டி ஒன்று மட்டும் நின்றதா?

இரண்டு, தொட்டியில் ஆழம் அளக்கும் டிப் ராடின் நுனியில் தண்ணீர் காட்டும் பசை தடவித் தொட்டிக்குள் விடுவோம். அடியில் தண்ணீர் இருந்தால் அந்த உயரம் வரைக்கும் பசை நிறம் மாறிவிடும். இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லி நீங்களே கேட்கலாம். 500 மில்லி ஜார், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் மூன்றும் பங்க்கில் இருந்தாக வேண்டும். அடர்த்தியை (ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று) 15 டிகிரிக்குக் கணக்குப் போட்டால், லோடு வந்தபோது எழுதிய எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் காட்டித்தான் ஆக வேண்டும்.

டீசலை எப்போது வாங்கினீர்கள்?

முள்ளியாற்றுக்கரை | அக்டோபர் 19, இரவு 10.50

ஆகஸ்ட் கடைசியில். பாதி தீர்ந்துவிட்டது. வேறு யார் வண்டியும் நின்றதாகத் தெரியவில்லை.

நாசில் மேசை | அக்டோபர் 20, காலை 6.15

திருச்சியில் டீசல் இன்ஜின் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் இவற்றுக்குச் சர்வீஸ் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி: பேரல் எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது? போட்டோ போடுங்கள்.

முள்ளியாற்றுக்கரை | அக்டோபர் 20, காலை 7.05

கொல்லையில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி. நான்கு செங்கல் மேல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மேலே பாதிக்குத் தகரம் இருக்கிறது, மீதி வெளியே. பெரிய மூடியைத் திறக்கிற சாவி தொலைந்துபோனதால் கையால்தான் முறுக்கி வைக்கிறேன். சின்ன துவாரத்தில் துணி அடைத்திருக்கிறது.

நாசில் மேசை | அக்டோபர் 20, காலை 7.20

பங்க்குக்காரரை விட்டுவிடுங்கள் அண்ணே. திருடன் மூடி வழியாக வந்திருக்கிறான்.

மன்னை வேதியியல் | அக்டோபர் 20, காலை 11.30

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், வீட்டில் நான்கு ஏக்கர் உண்டு. மேலே அண்ணன் சொன்னதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

பேரலின் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர். மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருப்பதால் மழை பெய்தால் அது ஒரு தாம்பாளம். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே இரண்டரை லிட்டர். மூடி அந்தத் தாம்பாளத்துக்குள்தான் இருக்கிறது.

நின்றால் நிற்கட்டுமே, உள்ளே எப்படிப் போகும் என்று கேட்கலாம். பேரல் மூச்சு விடும். பாதி காலியான பேரலில் 100 லிட்டர் டீசல், 100 லிட்டர் காற்று. பகலில் வெயிலில் 15 டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய ஐந்து லிட்டர், டீசல் ஒரு லிட்டருக்கு மேல், இரண்டும் பெருத்து அந்த அளவு காற்றை மூடிச் சந்து வழியாக வெளியே தள்ளும். சாயங்காலம் மழை பெய்து தகரம் சட்டென்று குளிர்ந்தால் அதே ஆறு லிட்டரைத் திரும்ப உள்ளே இழுக்கும். மூடியின் மேல் அப்போது நிற்பது காற்று இல்லை, தண்ணீர். உறிஞ்சிக் குடித்துவிடும். மழையே இல்லாவிட்டாலும் ஈரக்காற்றை இழுத்து, உள்சுவரில் வேர்க்க வைத்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றைப் பிழிந்தாலே தண்ணீர் வரும், சொல்லவா வேண்டும்?

பங்க் பக்கக் கணக்கும் போடுவோம். இப்போது பங்க்கில் விற்கிற பிஎஸ் 6 தர டீசலில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் தண்ணீர் வரைக்கும் அனுமதி. 200 லிட்டர் டீசல் சுமார் 166 கிலோ. அப்படியென்றால் ஒரு பேரலுக்கு அதிகபட்சம் 33 கிராம், இரண்டு மேசைக்கரண்டி. உங்கள் பேரலின் அடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்துச் சொல்லுங்கள், வழக்கு தீர்ந்துவிடும்.

வேட்டிமுனை | அக்டோபர் 20, மதியம் 2.10

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? 1980-களிலிருந்து ஆயில் இன்ஜின் ஓட்டுகிறேன். புனலில் வேட்டித் துணியை நான்காக மடித்துப் போட்டு ஊற்றுவேன். ஒரு நாள் நின்றதில்லை. நாற்பது வருடமாக அதே இன்ஜின்.

நாசில் மேசை | அக்டோபர் 20, மாலை 4.45

அய்யா, உங்கள் இன்ஜினைக் கும்பிடுகிறேன். அது சேற்றுத் தண்ணீரைக் கொடுத்தாலும் இருமிவிட்டு ஓடும். ஆனால் அதை வைத்து இவருக்கு யோசனை சொல்ல முடியாது.

உங்கள் இன்ஜினில் நாசில் திறப்பது சுமார் 200 பார் அழுத்தத்தில். இவர் வண்டி 50 குதிரைத்திறனுக்கு மேல். அந்த ரகத்துக்கு 2023 ஜனவரியிலிருந்து ட்ரெம் 4 புகை விதி வந்துவிட்டதால் அநேகமாக காமன் ரெயில்தான், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற முறை. அதில் 1600 பார், அதற்கு மேலும் போகும். கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார் என்று நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள சந்து இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடி 70 மைக்ரான். வேட்டித் துணி தூசியைப் பிடிக்கும், பூச்சியைப் பிடிக்கும், நைந்த துணியாக இருந்தால் தன் நூலையும் சேர்த்து உள்ளே அனுப்பும். தண்ணீரைப் பிடிக்காது. கெடுப்பதே தண்ணீர்தான். டீசல்தான் அந்த உலோகத்துக்கு எண்ணெய். அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும், வண்டி நிற்கும் நாளில் துரு பிடிக்கும். என் மேசைக்கு வருகிற இன்ஜெக்டரில் நுனியைப் பார்த்தாலே தெரியும், வெற்றிலைக் காவி மாதிரி ஒரு கறை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். டிராக்டர் டேங்க் வாயில் ஒரு வலை இருக்குமே, அது இருக்கிறதா? ஊற்றும்போது நுரைத்து நேரமாகிறது என்று பாதிப் பேர் அதைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள்.

வேட்டிமுனை | அக்டோபர் 20, மாலை 5.30

இருமிவிட்டு ஓடும் என்பது உண்மைதான். ஒத்துக்கொள்கிறேன்.

முள்ளியாற்றுக்கரை | அக்டோபர் 21, இரவு 8.15

வலை இல்லை. நான் பிடுங்கவில்லை, பையன் பிடுங்கியிருக்கிறான்.

சரி, பேரல் விஷயம். இரண்டு நாள் ஆடாமல் விட்டுவைத்து இன்று காலை சோதித்தேன். அடியிலிருந்து எப்படி எடுப்பது என்று யோசித்து, ஒரு மீட்டர் கண்ணாடி ட்யூபைக் கட்டைவிரலால் மேலே அடைத்துக்கொண்டு நேராக உள்ளே விட்டேன். அடி தட்டியதும் விரலை எடுத்தேன், மறுபடி அடைத்து மேலே தூக்கினேன். ட்யூபுக்குள் கீழே நான்கு விரற்கடை பளிச்சென்று தண்ணீர், மேலே டீசல். நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது.

நம்பிக்கை வராமல் ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அடித் தண்ணீரை அதில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் மூன்று அடுக்கு. கீழே கலங்கலாகத் தண்ணீர். மேலே டீசல், ஆனால் வாங்கியபோது இருந்த வெளிறின மஞ்சள் இல்லை, கொஞ்சம் டீ நிறம். இரண்டுக்கும் நடுவில் அரை விரல் கனத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு ஆடை. குச்சியால் தொட்டால் குளத்துப் பாசி மாதிரி இழுபடுகிறது. நாற்றம் சொல்ல முடியவில்லை, அழுகின முட்டை.

ட்யூபை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததில் மொத்தத் தண்ணீர் ஒன்றேமுக்கால் லிட்டர். பங்க்காரர்களைத் திட்டியதற்கு மன்னிப்பு.

மன்னை வேதியியல் | அக்டோபர் 21, இரவு 9.00

1750 மில்லி. இரண்டு மேசைக்கரண்டிக் கணக்குப்படி பங்க்கிலிருந்து இவ்வளவு வர வேண்டுமென்றால் நீங்கள் ஐம்பது பேரலுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்.

அந்தப் பாசி உயிருள்ளது. டீசலைத் தின்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும். பூஞ்சையில் ஒரு வகைக்கு மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர், விமான எரிபொருள் தொட்டிகளில் பேர்போன தொல்லை. சாப்பாடு டீசலில் இருந்தாலும் குடியிருக்கத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் சரியாக அந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. அது விடுகிற அமிலம் பேரலின் அடித்தகட்டை அரிக்கும். அழுகிய முட்டை நாற்றம் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவின் கைவரிசை. தண்ணீரை எடுத்தால் அதற்கு வீடு இல்லை.

டயர் மிஷின் | அக்டோபர் 21, இரவு 9.35

கொல்லி மருந்து கிடைக்கிறதே, ஊற்றிவிட்டால் போதாதா? அறுவடை மிஷின் வைத்திருக்கிறேன், ஏஜெண்ட் ஒருவர் பாட்டிலோடு வந்தார்.

நாசில் மேசை | அக்டோபர் 21, இரவு 10.10

கொல்லும். செத்தது எங்கே போகும்? பில்டருக்குத்தான். பேரலைச் சுத்தம் செய்யாமல் மருந்து மட்டும் ஊற்றி, ஒரே நாளில் மூன்று பில்டர் மாற்றிய ஆளை எனக்குத் தெரியும். முதலில் அடியைக் காலி செய்து, துடைத்து, காயவைத்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் அளவு பார்த்து ஊற்றுங்கள். தண்ணீரை டீசலோடு கலக்கவைக்கிறேன் என்று விற்கிற சரக்கை மட்டும் காமன் ரெயில் வண்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள். பில்டரில் பிரிய வேண்டிய தண்ணீரை அது கைபிடித்து இன்ஜெக்டர் வரைக்கும் கூட்டிப்போகும்.

கோபி மஞ்சள் | அக்டோபர் 22, காலை 5.50

நாங்கள் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேனுங்க, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்க.

பேரலை நிமிர்த்தவே மாட்டோம். கட்டைச் சட்டத்தின் மேல் படுக்க வைத்துவிடுவோம், வாய்ப்பக்கம் இரண்டு விரற்கடை உயரமாக, முதுகுப்பக்கம் தாழ்வாக. தண்ணீரும் கசடும் முதுகு மூலைக்குப் போய்விடும், குழாயில் வருவது மேலே உள்ள தெளிவு. முதுகு மூலையில் ஒரு சின்ன வால்வு பற்றவைத்து வாங்கினோம், இன்னும் டீசலே ஊற்றாத பேரலாக இருந்தபோதே. (டீசல் இருந்த பேரலில் பற்றவைப்பு வேண்டவே வேண்டாமுங்க. காலியாகத் தெரியும், ஆனால் உள்ளே ஆவி இருக்கும்.) பதினைந்து நாளைக்கு ஒரு தரம் அந்த வால்வைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்ப்போம். சுற்றிலும் மேலேயும் கூரை. வெயிலும் படாது.

நிமிர்த்தித்தான் வைப்பேன் என்றால் அடியில் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வையுங்க, இரண்டு மூடியும் சரிவின் நடுவாட்டத்தில் வர வேண்டும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் மூடி வந்துவிடக் கூடாது.

நாசில் மேசை | அக்டோபர் 22, காலை 7.40

கோபிக்காரர் சொன்னது நல்ல முறை. கைப்பம்ப் போடுகிறவர்களுக்கு ஒன்று: உறிஞ்சுகுழாய் அடியைத் தொடக் கூடாது, மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். 19 லிட்டர் போல அடியில் தங்கும், அது நஷ்டம் இல்லை, கசட்டுக்கு விட்ட இடம். புது டீசல் ஊற்றினால் ஒரு நாள் தொடாதீர்கள். பம்ப்பின் வெளிவாயில் தண்ணீர் பிரிக்கிற பில்டர் ஒன்று போடுங்கள். விலை ஒரு இன்ஜெக்டரோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

டிராக்டர் டேங்கைச் சாயங்காலமே நிரப்பிவிடுங்கள். பேரல் மூச்சு விடுகிற மாதிரிதான் அதுவும், ராத்திரி முழுக்கப் பாதி டேங்காக நின்றால் வேர்க்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பில்டரடித் திருகை ஒரு சொட்டு நேரம் திறந்து மூடுங்கள். டீ போடுகிற நேரம்கூட ஆகாது.

லோடு ஆட்டோ | அக்டோபர் 22, காலை 10.20

பேரல் இல்லை, கேன்தான் என்கிறவர்களுக்கு என் கதை. லாரிக்காரர்கள் தூக்கிப்போடும் நீல நிற 20 லிட்டர் டிஇஎஃப் வாளி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தண்ணீர் பிடிக்க, மாட்டுக்குக் கழுநீர் வைக்க. நான் அதில் டீசல் வாங்கினேன். டிஇஎஃப் என்பது லாரிப் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற திரவம், 32.5 சதவீத யூரியா, மீதி தண்ணீர். வாளி காய்ந்துதான் இருந்தது, ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. பம்ப்பைக் கழற்றியபோது மெக்கானிக் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. டீசலுக்கென்று ஒரு கேன் வையுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். வெள்ளைக் கேனாக இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள்.

டயர் மிஷின் | அக்டோபர் 22, மதியம் 1.00

ஜி.ஐ. தகரத்தில் தொட்டி கட்டி வைக்கலாமா? துருவே பிடிக்காதே.

மன்னை வேதியியல் | அக்டோபர் 22, மதியம் 1.25

வேண்டாம். ஜி.ஐ. என்றால் உள்ளே துத்தநாகப் பூச்சு. பழைய டீசலில் உண்டாகிற அமிலத்தோடு அது சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகி பில்டரை அடைக்கும். பித்தளை, செம்புக் குழாயும் வேண்டாம், செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் கெடும். சாதாரண இரும்பு போதும், தண்ணீர் இல்லாவிட்டால் அது துருப்பிடிக்காது.

வேதாரண்யம் தென்னை | அக்டோபர் 22, இரவு 8.30

வைக்கவே வேண்டாம், அவ்வப்போது வாங்கிக்கொள் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16 கஜா புயல். தோப்பு போனது தனிக்கதை. கரண்ட் வர எங்கள் தெருவுக்கு இருபது நாளுக்கு மேல். குடிதண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்ற ஜெனரேட்டர்தான், டீசல் வாங்கப் போக ரோட்டில் மரம். அன்றிலிருந்து வீட்டில் 100 லிட்டர் இல்லாமல் இருந்ததில்லை.

ஆனால் புயலுக்கென்று பூட்டி வைத்தால் புயல் வரும்போது அது டீசலாக இருக்காது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் தொடாமல் வைத்த கேனைத் திறந்தால் வார்னிஷ் வாசனை. இப்போது பேரல் மேல் சாக்பீஸில் தேதி எழுதிவிடுகிறேன். பழையதை டிராக்டரில் தீர்த்துவிட்டுப் புதியது வாங்குவேன், எதுவும் ஆறு மாதம் தாண்டாது. புரட்டாசியில் கட்டாயம் ஒரு தடவை மாற்றிவிடுவேன்.

தஞ்சை நெல் | அக்டோபர் 22, இரவு 9.10

வீட்டில் இவ்வளவு வைப்பதற்கு லைசென்ஸ் வேண்டாமா? போலீஸ் பிடிக்காதா?

பங்க் கணக்குப்பிள்ளை | அக்டோபர் 22, இரவு 9.45

1934-ஆம் வருடப் பெட்ரோலியம் சட்டத்தில் டீசல் பி வகுப்பு. ஒரு இடத்தில் மொத்தம் 2500 லிட்டர் வரைக்கும், ஒரு கலத்தில் 1000 லிட்டருக்கு மேற்படாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. பெட்ரோலுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சட்டம் விட்டாலும் தீ விடாது. நம் டீசலுக்குக் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை (பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் சூடு) என்று வைத்திருப்பது 35 டிகிரிதான், சித்திரை மாதத்து நிழலே அதைத் தாண்டும். அடுப்படி, வைக்கோல்போர், சுவிட்ச் போர்டு பக்கம் வேண்டாம். இரண்டு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

முள்ளியாற்றுக்கரை அண்ணன் விரலால் அடைத்து எடுத்தாரே, அதைப் பாராட்ட வேண்டும். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சுவதை இன்னும் தினம் பார்க்கிறேன். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அப்போதுதான் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

முள்ளியாற்றுக்கரை | அக்டோபர் 27, இரவு 7.50

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மேலாக இருந்த 70 லிட்டர் போலத் தெளிவாக இருந்ததைத் தனி கேன்களுக்கு மாற்றினேன். பேரலைக் கவிழ்த்துக் கொஞ்சம் டீசல் விட்டு அலசி, பஞ்சு உதிராத துணியைக் கம்பில் சுற்றித் துடைத்து, வாயைக் கீழே பார்த்தபடி இரண்டு நாள் நிழலில் போட்டேன். அடித்தகட்டில் காசு அளவுக்குத் துருப்பள்ளம் ஐந்தாறு. அதனால் இதை ஒதுக்கிவிட்டு வேறு பேரல் வாங்கினேன். கொட்டகைக்குள்ளே, கோபி அண்ணன் சொன்னபடி படுக்க வைத்துவிட்டேன். மூடிக்கு ரப்பர் வாஷர் புதிது. சாவியும் வாங்கியாயிற்று, சங்கிலி போட்டுச் சட்டத்திலேயே கட்டியிருக்கிறேன்.

டிராக்டருக்கு இரண்டு பில்டரும் மாற்றினேன். டேங்க் வாய் வலைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், அதுவரை பையனுக்கு டீசல் ஊற்றும் வேலை இல்லை.

மீதி ஒரு சந்தேகம்: அடியில் தேங்கினது 18 லிட்டர் போல கேனில் நிற்கிறது. கலங்கல். கொட்ட மனசு இல்லை.

நாசில் மேசை | அக்டோபர் 27, இரவு 8.20

வாய்க்காலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், கீழே நடவு இருக்கிறது. பத்து நாள் அசையாமல் நிற்கட்டும். மேலே தெளிகிறதை மட்டும் இறுத்து, தண்ணீர் பிரிக்கிற பில்டர் வழியாக விட்டு, ஊறுகாய் பாட்டிலில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பாட்டிலின் மறுபக்கம் பேப்பர் எழுத்து படிக்க முடிந்தால் ஆயில் இன்ஜினுக்குக் கொடுக்கலாம், டிராக்டருக்கு வேண்டாம். மீதிக் கசடைக் கழிவு ஆயில் எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வேட்டிமுனை | அக்டோபர் 27, இரவு 8.55

ஆயில் இன்ஜினுக்கு என்றதும் என் ஞாபகம் வந்ததா? தம்பி, உன் இன்ஜினுக்கே ஊற்று. என்னுடையதற்கு நானும் நேற்று பாட்டில் சோதனை செய்தேன். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்.

நாசில் மேசை | அக்டோபர் 27, இரவு 9.05

வேட்டித் துணியைத் தாண்டியா அய்யா?

வேட்டிமுனை | அக்டோபர் 27, இரவு 9.20

நான்கு மடிப்பையும் தாண்டி. அந்தத் தண்ணீர் பிரிக்கிற பில்டர் திருச்சியில் எந்தக் கடைத்தெருவில் கிடைக்கும் என்று எழுதுங்கள்.